மேட்டுத் தெரு நாற்காலிகள்

வீட்டில் எல்லாரும் அவளை உடும்பு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. அவளுக்கு வேறு அழகான பெயர் இருந்தது. ஆனால் வகுப்பு ஆசிரியரே சில நேரம் வாய் தவறி உடும்பு என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளுடைய அம்மா வேன் ஓட்டுநர். மேட்டுத் தெருவின் உச்சியில், பள்ளிக்கூடத்தை ஒட்டி முதியோர் பகல் இல்லம் இருந்தது. வயதானவர்கள் காலையில் அங்கே வந்து மாலையில் வீடு திரும்புவார்கள். மதியம் சூடான சாப்பாடு கிடைக்கும். நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் செய்தித்தாளும் சண்டையும் சிரிப்பும்தான். அதற்கான செலவை அரசாங்கம் கொடுத்துவந்தது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் மேட்டுக்குக் கீழே இருந்தவர்கள். அம்மாதான் தினமும் கீழே போய் அவர்களை வேனில் ஏற்றி வருவார். ஒருவருக்குக் கை கொடுப்பார், இன்னொருவரின் கைத்தடியை வாங்கி வைப்பார், ஒருவர் மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்க மறுபடி வீட்டுக்குள் ஓடுவார்.

ஒருநாள் மாலை அம்மா நடந்தே வீட்டுக்கு வந்தார். வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வேனுக்கு வந்துகொண்டிருந்த அரசாங்கப் பணம் நின்றுவிட்டதாம். பகல் இல்லமே இல்லாத வேறொரு பகுதியில் புதிதாக ஒன்றைத் தொடங்க அந்தப் பணம் போகிறதாம். அம்மாவுக்கு இப்போதைக்கு மேட்டுத் தெரு இல்லத்தின் சமையலறையிலேயே வேலை.

"அங்க இருக்கறவங்களும் வயசானவங்கதானே, அவங்களுக்கும் வேணும்ல," என்றார் அப்பா.

அம்மா தலையை ஆட்டினார். ஆனால் அவர் கவலை வேறு. அடுத்த மாதம் பெண் அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார். வருகிறவர்கள் குறைந்துபோயிருந்தால், மற்ற பணத்தையும் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பார்களாம்.

"வேன் இல்லாம எப்படி வருவாங்க? வரலைன்னா காசு தரமாட்டாங்களா? இது என்னம்மா கணக்கு?" என்று கேட்டாள் உடும்பு.

அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போகும்போது அவள் பகல் இல்லத்தின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பெரிய கூடத்தில் மேட்டின் மேலேயே வீடு இருக்கிற ஒரு சிலர் மட்டும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமான சத்தம் இல்லை. பொறுப்பாளர் அக்கா அடுக்கி வைத்த தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை உடும்பு மேட்டுக்குக் கீழே இறங்கினாள். ஒவ்வொரு வீடாகப் போனாள்.

முதலில் நெட்டைப் பாட்டி வீடு. பெயருக்கு ஏற்றாற்போல் அவர் கதவு நிலையில் குனிந்துதான் வெளியே வருவார். கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அவர். கடைத்தெருவுக்கு நடந்தே போய்வருகிறாராம். மேடுதான் பிரச்சினை.

"ஏறிடுவேன் கண்ணு. நடுவுல மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும். உக்கார எங்க இடம் இருக்கு?"

அடுத்தது கார்டு தாத்தா வீடு. சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். பகல் இல்லத்துக்கு வராவிட்டால் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். வீட்டில் தனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறதாம். ஆனால் அவருக்குப் பின்னால் மேசையில் தொலைக்காட்சிப் பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எந்த வேலையும் நடக்கிற மாதிரி தெரியவில்லை.

கடைசியாக டைப்பிஸ்ட் பாட்டி. ஒரு காலத்தில் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர், இப்போது சக்கர நாற்காலியில் இருப்பவர். மகன் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் பகல் இல்லத்திலிருந்து சாப்பாடு வாங்கி வந்து கொடுக்கிறார் என்று அவர் சொன்னார். உடும்புக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"அப்ப உங்களுக்குப் பரவாயில்லையா பாட்டி?"

பாட்டி மடியில் கிடந்த துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சாப்பாடு வருதும்மா. பேச்சு வரலையே."

தான் வேண்டுமானால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகட்டுமா என்று உடும்பு கேட்டாள். பாட்டி சிரித்துவிட்டார். பாதி மேட்டில் கை நழுவினால், தான் நேராக மேட்டடியில் இருக்கிற சந்தைக்குப் போய்த் தக்காளிக் கூடையில்தான் நிற்க வேண்டும் என்றார். அம்மாவிடம் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. அந்த நினைப்பே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மேட்டில் திரும்பி ஏறும்போது உடும்பு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். நெட்டைப் பாட்டி சொன்னது உண்மைதான். ஒரு மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தார்கள். இன்னொரு மதில் அவள் தலையைவிட உயரம். கடைப் படிகளில் சரக்குப் பெட்டிகள். சாக்கடை மூடி மேல் யார் உட்காருவார்கள்? அடியிலிருந்து உச்சி வரை ஒரு பெரிய மனிதர் கௌரவமாக உட்கார இடமே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

உதவிக்கு ஆள் தேவை என்று பொறுப்பாளர் அக்கா ஏற்கெனவே எல்லாரிடமும் கேட்டுப் பார்த்திருந்தார். நேரமில்லை என்பதுதான் எல்லாரும் சொன்ன பதில். உடும்பு நேரத்தைக் கேட்கவில்லை. காலையில் கடையைத் திறக்கும்போது ஒரு நாற்காலியை வெளியே போடுங்கள், மாலையில் மூடும்போது உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

ரொட்டிக் கடைக்காரர் உடனே சரி என்றார். அவர் கொடுத்தது முக்காலி. எவ்வளவு துடைத்தாலும் அதில் மாவு ஒட்டிக்கொண்டிருந்தது. சலவைக் கடை அக்கா கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்தார். முடி வெட்டுபவரிடம் இருந்தது பழைய சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் மேட்டைப் பார்த்து உட்கார்ந்தவர் மெதுவாகச் சுழன்று பள்ளத்தைப் பார்ப்பார். அதற்கு ஒரு கட்டை வைத்து முட்டுக் கொடுத்தார்.

ஆணிக் கடைக்காரர் மட்டும் மறுத்துவிட்டார்.

அவர் கடை மேட்டின் மிகச் செங்குத்தான வளைவில் இருந்தது. ஆணி, தாழ்ப்பாள், குழாய், கயிறு எல்லாம் விற்பார். வாசலில் நாற்காலி போட்டால் வாங்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்றார். யாராவது விழுந்தால் பழி தன் தலையில் விழும் என்றார்.

"வேற இடம் பாரு பாப்பா. இங்க வேணாம்."

வேறு இடம் இல்லை. அந்த வளைவில் இருந்தது அந்த ஒரு கடைதான்.

அது இல்லாமலே முதல்நாள் நெட்டைப் பாட்டியும் கீழே இருந்த மற்ற முதியவர்களும் உடும்புடன் புறப்பட்டார்கள். அம்மா சமையலறைக்குப் போவதற்கு முன் கீழே இறங்கி வந்து கூட நடந்தார். முக்காலியில் உட்கார்ந்தார்கள், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், சிரித்துக்கொண்டே ஏறினார்கள். வளைவு வந்ததும் சிரிப்பு நின்றது. பாதியில் நெட்டைப் பாட்டிக்கு மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் கொடுத்தார். வெகுநேரம் கழித்துத்தான் பாட்டியால் பேச முடிந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னைப் பார்த்தது அவருக்கு மூச்சு முட்டியதைவிட அதிகம் வலித்தது. வீட்டுக்கே போய்விடலாம் என்றார். எல்லாரும் திரும்பி இறங்கினார்கள்.

அன்று வகுப்பில் உடும்பின் காதில் ஒன்றும் விழவில்லை. பாட்டி தரையில் உட்கார்ந்திருந்ததே கண்ணுக்குள் நின்றது. தன்னால்தானே அவர் வந்தார்? விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வளைவு மட்டும்தானே மீதி என்று அடுத்த கணம் தோன்றியது.

மறுநாள் காலை அவள் வீட்டிலிருந்த இரும்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அது அவளைவிடக் கனம். கொஞ்ச தூரம் தூக்குவாள், கொஞ்ச தூரம் இழுப்பாள். இழுக்கும்போது அது தெருவே விழித்துக்கொள்கிற மாதிரி கிறீச்சிட்டது. ஆணிக் கடைக்கு எதிரே, வாசலை மறைக்காமல், நடைபாதை ஓரத்தில் அதைப் போட்டாள். பக்கத்தில் நின்றாள். வந்தவர்கள் உட்கார்ந்து எழுந்து போனார்கள். கடைசி ஆள் போனதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். மாலையில் மறுபடி அதே வேலை.

நெட்டைப் பாட்டி உடனே வரவில்லை. உடும்பு நாற்காலி போட்ட செய்தியை மற்றவர்கள் சொல்லிச் சொல்லி, சில நாள் கழித்துத்தான் வந்தார். வளைவில் ஒரு ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவசரப்படாமல் எழுந்தார்.

ஆணிக் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மழை. உடும்பு தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு நாற்காலியை இழுத்து வந்தாள். இருக்கையில் தேங்கிய நீரைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். அவர் கடையைவிட்டு இறங்கி வந்தார்.

"இந்தச் சத்தம் தாங்க முடியல. காலைலயும் கிறீச், சாயங்காலமும் கிறீச். காது போயிடும் போலிருக்கு."

உடும்பு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். அவர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து கருப்பு ரப்பர் மூடிகளை எடுத்து நான்கு கால்களிலும் அழுத்தி மாட்டினார்.

"இனி இதை இழுக்காத. ராத்திரி என் கடையில இருக்கட்டும். நானே எடுத்துப் போடறேன்."

"உங்களுக்கு இடைஞ்சலா இருக்காதா மாமா?"

"இருக்கும்," என்றார் அவர், நாற்காலியைத் தன் கடைத் தாழ்வாரத்துக்குள் மழை படாத இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டே.

அதற்குப் பிறகு வேலை எளிதானது. நேரமில்லை என்று சொன்னவர்களுக்கே எங்கிருந்தோ நேரம் வந்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்தவரை அடுத்த நாற்காலி வரை கொண்டுவிட்டுவிட்டு வந்தார் முடி வெட்டுபவர். சலவைக் கடை அக்கா தண்ணீர்ச் செம்பு வைத்தார். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தார்கள். யாரும் இதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்ளவில்லை. போகிற வழிதானே என்றார்கள்.

கார்டு தாத்தா மட்டும் அசையவில்லை. தெருவோரம் உட்கார்ந்து இளைப்பாறுகிற ஆள் தான் இல்லை என்றார். உடும்பு தினமும் அவர் கதவைத் தட்டினாள். ஒருநாள் வேறு மாதிரி பேசிப் பார்த்தாள். வரிசை நீளமாகிவிட்டது, முன்னால் அம்மா நடக்கிறார், பின்னால் யார் தங்கிவிட்டார்கள் என்று பார்க்க ஆள் இல்லை, ரயிலில் கார்டு கடைசிப் பெட்டியில்தானே இருப்பார் என்று கேட்டாள்.

தாத்தா அவளை உற்றுப் பார்த்தார்.

"என்னை ஏமாத்திக் கூட்டிட்டுப் போகப் பாக்கற, இல்ல?"

"ஆமா தாத்தா," என்றாள் உடும்பு. "ஆனா பின்னாடி ஆள் இல்லாததும் நிஜம்தான்."

தாத்தாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். அன்று முதல் கடைசி ஆள் நாற்காலியிலிருந்து எழுந்த பிறகுதான் வரிசை நகர்ந்தது. அவரும் உட்கார்ந்தார். கேட்டால், கடைசிப் பயணிக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்.

அதிகாரி வந்த காலையில் அவருடைய கார் மேட்டில் பாதி ஏறி நின்றுவிட்டது. முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு வரிசை போய்க்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கினார். என்ன இது, ஊர்வலமா என்று ரொட்டிக் கடைக்காரரிடம் கேட்டார். பகல் இல்லத்துக்குப் போகிறார்கள் என்று அவர் சொன்னதும் காரை அங்கேயே விட்டுவிட்டு அதிகாரியும் கூட நடந்தார். வளைவு வந்ததும் அவருக்கே மூச்சு வாங்கியது. ஆணிக் கடைக்காரர் நாற்காலியைக் காட்டினார். அதிகாரி ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மேலே கூடம் நிறைந்திருந்தது. பழையபடி சத்தம். அதிகாரி எல்லாரிடமும் பேசினார். சாப்பாட்டுக்கும் நர்சுக்கும் வருகிற பணம் நிற்காது, அதற்குத் தான் பொறுப்பு என்று அக்காவிடம் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கை தட்டினார்கள்.

"ஊர் மக்களே இவ்வளவு செய்யும்போது வேன் இல்லாதது ஒரு குறையாவே தெரியல," என்றார் அதிகாரி மகிழ்ச்சியாக.

பள்ளி மணி அடிக்கப் போகிறது. அம்மா கண்ணால் போ என்றார். அவள் போகவில்லை.

"தெரியும் மேடம்," என்றாள். "கீழ போனா தெரியும்."

அதிகாரி அவள் பக்கம் திரும்பி, என்ன தெரியும் என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"டைப்பிஸ்ட் பாட்டியால வர முடியல. அவங்களுக்கு எத்தனை நாற்காலி போட்டாலும் பிரயோசனமில்ல. அவங்க மாதிரி கீழ இன்னும் ரெண்டு மூணு பேர் இருக்காங்க. எங்களால முடிஞ்சத நாங்க செஞ்சோம். இது எங்களால முடியாது. இதுக்கு வேன்தான் வேணும்."

அதிகாரி, அந்தப் பணம் வேறொரு பகுதி முதியவர்களுக்குப் போயிருக்கிறது, அவர்களிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார்.

"பிடுங்க வேணாம் மேடம். அவங்களுக்கும் இருக்கட்டும். எங்களுக்கு வேற கேளுங்க."

"யார்கிட்ட?"

"உங்களுக்கு மேல ஒருத்தர் இருப்பாங்கல்ல?"

நெட்டைப் பாட்டி சத்தமாகச் சிரித்துவிட்டார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. டைப்பிஸ்ட் பாட்டியின் வீட்டைக் காட்ட முடியுமா என்று கேட்டார். உடும்புக்காகப் பொறுப்பாளர் அக்கா பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

டைப்பிஸ்ட் பாட்டி வீட்டுக்குள் போன அதிகாரி சீக்கிரம் வெளியே வரவில்லை. பாட்டி அவரை விட்டால்தானே? அத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சு முழுவதும் அன்று அதிகாரிக்குத்தான்.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடின. ஒரு தகவலும் இல்லை. உடும்பு தினமும் அக்காவிடம் கேட்டாள். அக்கா அலுவலகத்துக்குப் பேசினார். பார்க்கிறோம் என்றார்கள். உடும்பு மறுநாளும் கேட்டாள். அதிகாரி சிரிக்கும்போது நல்லவர் போலத்தான் இருந்தார், அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னாள். தான் வைத்த பெயர் சரியான பெயர்தான் என்றார் அப்பா.

கடைசியில் அனுமதி வந்தது. முழு நாளுக்கு இல்லை. நடக்க முடியாதவர்களுக்காகக் காலையிலும் மாலையிலும் மட்டும் வேன் ஓடும். நடுவில் அம்மா சமையலறையில் இருக்க வேண்டும். அம்மா அன்றைக்கே வேனைக் கழுவித் துடைத்து நிறுத்தினார்.

முதல்நாள் உடும்பும் கூடப் போனாள். டைப்பிஸ்ட் பாட்டி எப்போதோ தயாராகிவிட்டு வாசலிலேயே காத்திருந்தார். அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரருமாக அவரைத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்தார்கள். சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தார்கள்.

மேட்டில் வேனுக்கு முன்னால் வரிசை போய்க்கொண்டிருந்தது. அம்மா ஹாரன் அடிக்கவில்லை. வரிசையின் கடைசியில் நடந்த கார்டு தாத்தா திரும்பிப் பார்த்தார். எல்லாரையும் ஓரமாக ஒதுக்கினார். பிறகு கையை உயர்த்தி, வேன் போகலாம் என்று ஆட்டினார்.

டைப்பிஸ்ட் பாட்டி ஜன்னலில் தலையை நீட்டி, எல்லாரும் மெதுவாக உட்கார்ந்து எழுந்து வாருங்கள், அவசரமே இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். மேலே போய்ச் சேர்ந்ததும் உடும்பின் காதில் ரகசியமாகச் சொன்னார்:

"சீக்கிரம் தள்ளும்மா. அவங்க வர்றதுக்குள்ள நல்ல காத்து வர்ற இடத்தைப் பிடிச்சிடணும்."

உடும்பு இரண்டு கைகளாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சமதளமான அந்தக் கூடத்தில் ஓட்டமாகத் தள்ளினாள்.